ஜூன் மாதத்துக் கிளென்கோ: நான்கு நாள் மலைநடைக்கும் பாறையேற்றத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

கிளென்கோ, ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஒரு மலைப் பள்ளத்தாக்கு. ஸ்காட்லாந்து மலைகளின் உயரத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். எண்ணைப் பார்த்தால் காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அங்கே ஏற்றம் ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்தே தொடங்குகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றும் மழையும் முதலில் மோதுவது இந்த மலைகளில்தான். மரங்கள் பள்ளத்தாக்கோடு நின்றுவிடும். அதற்குமேல் ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. கீழே 12 டிகிரி இருக்கும்போது ஆயிரம் மீட்டர் மேலே 5 அல்லது 6 இருக்கும். அதோடு 50 கிலோமீட்டர் வேகக் காற்றும் சேர்ந்தால், உடலைப் பொறுத்தவரை அது உறைநிலை. கோடைக்காலம் என்பது அங்கே நாட்காட்டியில் உள்ள ஒரு பெயர், அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் நாள்வாரித் திட்டம் இல்லை. கையில் மூன்று பயணங்கள், விடுப்பில் நான்கு நாட்கள். எந்த நாளில் எது என்பதை முந்தைய இரவு வானிலை சொல்லும். "சனிக்கிழமை சிகரம்" என்று ஊரிலிருந்தே முடிவு கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் மேகத்துக்குள் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள்.

அந்த மூன்று பயணங்கள்: புவாக்கல் எட்டிவ் பெக் மலையில் ஒரு நாள் நடை, பக்கத்துக் கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கின் போல்டூ பாறைகளில் ஒரு நாள் கயிற்றுப் பயிற்சி, கடைசியாகப் புவாக்கல் எட்டிவ் மோரின் 'கர்வ்டு ரிட்ஜ்' என்னும் வளைந்த பாறைமுதுகு. நடைக்கு, ஆறு மணி நேரம் மேடுபள்ளத்தில் நடக்கும் உடல் போதும். மற்ற இரண்டுக்கும், கயிற்றில் முன்னேறிச் சென்று பாதுகாப்புப் பொருத்தத் தெரிந்த ஒருவராவது குழுவில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்து வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'மவுண்டன் லீடர்' தகுதி மலைநடைக்கு மட்டுமே உரியது. கயிறு கட்டி ஏற்றிவிட 'மவுண்டனியரிங் அண்ட் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர்' தகுதி உள்ளவர் வேண்டும்.

எப்போது போவது

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை. மேற்குக் கரையில் ஆண்டின் வறண்ட வாரங்கள் பெரும்பாலும் இவைதான். ஜூனில் பகல் பதினேழு மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. இரவு பத்து மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். ஜூலையும் ஆகஸ்டும் மிட்ஜ் என்னும் கடிக்கும் பொடிப் பூச்சிகளின் ராஜ்ஜியம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் பாதி வரை பல எஸ்டேட்டுகளில் ஆண்மான் வேட்டை நடக்கும். அப்போது சில மலைமுகங்களில் நடப்பதைத் தவிர்க்கச் சொல்லி அறிவிப்பு இருக்கும்.

கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் பஸ், ஏ82 சாலை வழியாகக் கிளென்கோவின் நடுவே செல்கிறது. அந்த ஊருக்கு ரயிலும் உண்டு, அழகான பாதைதான். ஆனால் அது கிளென்கோவைத் தொடாமல் ரானக் மூர் சதுப்புவெளியைக் கடந்து வேறு பக்கமாகப் போய்விடும். நான்கு பேர் இருந்தால் கார்தான் நல்லது. திட்டத்தை இரவோடு இரவாக மாற்ற அதுதான் இடம் கொடுக்கும்.

முந்தைய மாலை

மாலை ஆறு மணிக்குமேல் உட்கார்ந்து மலைகளுக்கென்றே வெளியிடப்படும் முன்னறிவிப்பைப் படியுங்கள். 'மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்', பிரிட்டன் வானிலைத் துறையின் மலைப்பகுதி அறிக்கை இரண்டும் இலவசம். கைபேசியில் நகரத்தின் பெயருக்கு எதிரே தெரியும் சூரியப் படத்துக்கும் சிகரத்துக்கும் எந்த உறவும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது மழை அல்ல, காற்று. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் நடக்கலாம், களைப்பு கூடும். 60-ஐத் தாண்டினால் முகட்டில் கால் நிலைகொள்ளாது. பாறைமுதுகுக்கு என் வரம்பு இன்னும் குறைவு: உச்சியில் 45 என்று போட்டிருந்தால் அன்றைக்குக் கர்வ்டு ரிட்ஜ் இல்லை. இரண்டாவது, மேகத்தின் அடிமட்டம். சிகரங்கள் மேகமின்றி இருக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று அறிக்கை சொல்லும். மூன்றாவதுதான் மழை. அதிலும் நாளைய மழையைவிட நேற்றைய மழை முக்கியம். பாறை காய்ந்திருக்கிறதா, ஓடைகள் வடிந்திருக்கின்றனவா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பிறகு நேரக் கணக்கு. 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சூத்திரம் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். அவர் கால்களின் வேகம் நமக்கு வராது. நான்கு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், நூறு மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவாக்கல் எட்டிவ் பெக் நடை சுமார் 8 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 900 மீட்டர். இரண்டு மணி நேரமும் ஒன்றரை மணி நேரமுமாக மூன்றரை. சாப்பாடு, படம் பிடிப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் சேர்த்து ஐந்திலிருந்து ஆறு மணி நேரம்.

இந்தக் கணக்கோடு இன்னொரு நேரத்தையும் எழுதி வையுங்கள்: திரும்பும் நேரம். "மதியம் இரண்டு மணிக்குள் உச்சியில் இல்லையென்றால் நின்ற இடத்திலிருந்து இறங்குகிறோம்" என்று முந்தைய இரவே பேசி முடித்துவிட வேண்டும். உச்சிக்கு நூறு மீட்டர் கீழே நின்றுகொண்டு இந்தப் பேச்சைத் தொடங்கினால், திரும்பலாம் என்பவர் அங்கே தோற்றுப்போவார். கீழே இருக்கும் ஒருவரிடம் எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

பையில் என்ன

ஜீன்ஸ் வேண்டாம், பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் நாள் முழுக்கக் காயாமல் உடல்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை பனியன், மேலே ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் தலைமூடியுள்ள மழைச்சட்டை. மழைக்கால்சட்டையைப் பலர் விட்டுவிட்டு வருவார்கள்; விடாதீர்கள். ஜூனிலும் கையுறை, குல்லாய், உபரியாக ஒரு கதகதப்பான மேலாடை. கணுக்கால் வரை பிடிக்கும் பூட்ஸ்.

வரைபடம் காகிதத்தில் வேண்டும். பிரிட்டன் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரிசையில் 41-ஆம் எண் தாள், பென் நெவிஸ், ஃபோர்ட் வில்லியம், கிளென்கோ மூன்றையும் அடக்கிவிடும். திசைகாட்டியும் வேண்டும், அதைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். கைபேசிச் செயலி நல்லதுதான்; ஆனால் குளிரில் பேட்டரி இறங்கும், மழையில் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. ஹெட் டார்ச், விசில், முதலுதவிப் பை, குழுவுக்கு ஒரு காற்றுமறைப்புக் கூடாரத்துணி. சாப்பாட்டு விஷயத்தில் சாக்லேட் பட்டைகளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். காற்று வீசும் பாறை மறைவில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தவர்களுக்கு வேறு கருத்து உண்டு. எப்படியும், உறைந்த விரல்களால் எடுத்துத் தின்னக்கூடியதாக இருந்தால் சரி.

பெயரைப் படித்தால் மலை தெரியும்

வரைபடத்தில் உள்ள, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அமைந்த பெயர்கள் முதல் பார்வைக்கு மிரட்டும். பத்துப் பன்னிரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டால் அதே பெயர்கள் வழிகாட்டிப் பலகைகளாகிவிடும். 'ஸ்டாப்', 'ஸ்கோர்' இரண்டும் கூரான சிகரங்கள், 'பென்' மலை, 'மீயல்' உருண்டையான குன்று. 'கோரி' என்பது பனியாறு குடைந்துவிட்டுப் போன அண்டாப்பள்ளம். 'பியாலக்' இரு உச்சிகளுக்கு இடைப்பட்ட கணவாய், 'லாரிக்' நீண்ட மலைவழி, 'ஆல்ட்' ஓடை. 'மோர்' பெரியது, 'பெக்' சிறியது, 'ஜெரக்' சிவப்பு, 'டூ' கறுப்பு. 'புவாக்கல்' என்றால் மேய்ப்பன். ஆக, நாம் போகப்போவது எட்டிவின் சின்ன மேய்ப்பனிடமும் பெரிய மேய்ப்பனிடமும். இருவருக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. மந்தையை இரு பக்கமும் நின்று காப்பதுபோல நிற்கிறார்கள்.

நடை நாள்: சின்ன மேய்ப்பன்

மூவாயிரம் அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு, மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிகரங்களுக்கு மன்ரோ என்று பெயர். 1891-இல் அவற்றைப் பட்டியலிட்டவர் சர் ஹியூ மன்ரோ. இன்றைய கணக்கில் 282. அத்தனையையும் ஏறி முடிப்பதை ஆயுட்கால வேலையாக வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்தப் பித்து உங்களைப் பிடிக்க வேண்டுமென்றால் இதுவே இடம். சின்ன மேய்ப்பன் ஒரே நாளில் இரண்டு மன்ரோக்களைத் தருகிறான்.

ஏ82 சாலையில், லாரிக் எயில்டே பாதை தொடங்கும் இடத்தில் வாகனம் நிறுத்தலாம். இடம் சிறியது, எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கிளென் எட்டிவுக்கு வழி என்று சொல்லும் பாதையில் சிறிது தூரம் போனதும் இடப்பக்கமாக ஒரு கிளை பிரிந்து மேலேறும். நேரான, கொஞ்சம் ஈவிரக்கமற்ற ஏற்றம். ஆனால் பாதை தெளிவு. சுமார் 750 மீட்டரில் பியாலக் வரும். அங்கிருந்து இடப்பக்கம் 925 மீட்டர் உயர ஸ்டாப் கோரி ரான்யாக், வலப்பக்கம் 958 மீட்டர் உயர ஸ்டாப் டூ. முதலில் இடப்பக்கத்தை முடியுங்கள்; அது குட்டை, செங்குத்து, கல் நிறைந்தது. பிறகு கணவாய்க்கு இறங்கி ஸ்டாப் டூவின் நீண்ட முகட்டில் நடப்பதுதான் அன்றைய பரிசு. இரு பக்கமும் பள்ளத்தாக்கு சரிய, கடைசி மேட்டுக்கும் சற்றுத் தள்ளிப் போய் நின்றால் எட்டிவ் கடலேரி தெரியும்.

காலையில் பள்ளத்தாக்கில் மேகம் தேங்கி, உங்கள் முதுகுக்குப் பின்னால் வெயில் அடித்தால் கீழே பாருங்கள். உங்கள் நிழல் மேகத்தின்மேல் விழுந்து, அதன் தலையைச் சுற்றி வானவில் வட்டம் தெரியலாம். 1894-இல் பென் நெவிஸ் உச்சியில் இருந்த வானிலை ஆய்வு நிலையத்தில் சில வாரம் வேலை பார்த்த சி. டி. ஆர். வில்சன், இப்படிப்பட்ட ஒளி வட்டங்களைக் கண்டு, ஆய்வுக்கூடத்தில் மேகம் உண்டாக்கிப் பார்க்கத் தொடங்கினார். அதுதான் பின்னர் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையாகி, 1927-இல் அவருக்கு நோபல் பரிசைத் தேடித் தந்தது.

இறங்கும்போது கணவாய்க்குத் திரும்பி வந்த வழியே இறங்குங்கள். பக்கவாட்டில் குறுக்கு வழி இருப்பதுபோலத் தெரியும், வேண்டாம்.

கயிற்று நாள்: போல்டூ

ஃபோர்ட் வில்லியத்திலிருந்து கிளென் நெவிஸுக்குள் சில மைல் போனால், சாலைக்கு மேலே ஊசியிலை மரங்களுக்கும் பிர்ச் மரங்களுக்கும் இடையே குட்டையான பாறைகள் சிதறிக் கிடக்கும். தெற்கு பார்த்த மைக்கா சிஸ்ட் பாறை; மழை நின்ற சற்று நேரத்தில் காய்ந்துவிடும். கர்வ்டு ரிட்ஜுக்கு முன் கையையும் மனத்தையும் பழக்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

பாறையின் கடினத்தைச் சொல்லும் பிரிட்டிஷ் வரிசை ஒரு வேடிக்கை. மாடரேட், டிஃபிகல்ட், வெரி டிஃபிகல்ட், சிவியர், ஹார்ட் சிவியர், வெரி சிவியர், ஹார்ட் வெரி சிவியர், அதற்குமேல் இ1, இ2 என்று எண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூட்ஸையும் சணல் கயிற்றையும் மனத்தில் வைத்துத் தொடங்கிய பெயர்கள். அதனால் 'மிகக் கடினம்' என்பது இன்றைக்குக் கீழிருந்து மூன்றாவது படி, புதியவர்களுக்கு உரியது. இதை நம்பி அலட்சியமாகவும் இருந்துவிடாதீர்கள். உள்ளரங்கச் சுவரில் பெரிய எண்களை ஏறுகிறவர்கள்கூட இங்கே சிவியரில் திணறுவதுண்டு, ஏனென்றால் மலைப்பாறையில் முன்கூட்டியே அடித்து வைத்த போல்ட்டுகள் இல்லை. முன்னால் ஏறுபவர் விரிசல்களில் உலோக ஆப்புகளைச் செருகி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வருவார். பாறையில் எதுவும் மிச்சம் இருக்காது. அந்த ஆப்புக்கு இன்றும் 'நட்' என்றே பெயர். 1950-களில் ஏறுபவர்கள் உண்மையான இயந்திர நட்டுகளின் மரையைத் தேய்த்துவிட்டு, கயிறு கோத்துப் பயன்படுத்தினார்கள்; பெயர் அங்கிருந்து வந்தது.

அன்றைய பயிற்சியைத் தரையில் தொடங்குங்கள். ஹார்னஸ் என்னும் இடுப்புப் பட்டையின் வார் கொக்கி, கயிற்று முடிச்சு, விழுபவரைக் கயிற்றில் பிடித்து நிறுத்தும் பிலே கருவி, கயிறு மாட்டும் உலோக வளையமான காரபீனரின் பூட்டு ஆகியவற்றை ஒருவருக்கொருவர் தொட்டுப் பார்த்துச் சரிபாருங்கள், ஒவ்வொரு முறையும். பிறகு பாறையின் அடியில் நின்றபடியே பத்து நட்டுகளைச் செருகிப் பழகுங்கள்: விரிசல் கீழ்நோக்கிக் குறுகும் இடத்தில் வைத்து, இழுத்து உட்காரவைத்து, வெளியே பிடுங்கிப் பாருங்கள். அதன்பின் 'தி கட்டர்' போன்ற டிஃபிகல்ட் வழியொன்றில் ஏறுங்கள். மேலே போனதும் இரண்டு மூன்று தனித்தனிப் பிடிமானங்களில் உங்களைக் கட்டிக்கொண்டு அடுத்தவரை ஏற்றுங்கள். கூப்பிடும் சொற்களையும் கீழேயே பேசி வையுங்கள். காற்றில் "தளர்த்து" என்பது "பிடி" என்று கேட்டுவிடக் கூடாது. மாலை வரை ஐந்தாறு ஏற்றம் போதும். நேரம் மிஞ்சினால் பள்ளத்தாக்கின் கோடிக்கு நடந்து 120 மீட்டர் உயர ஸ்டியால் அருவியையும் மூன்று இரும்புக் கம்பிகளால் ஆன பாலத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். வழியில் உள்ள ஆற்றுக்குடைவுப் பாதை குறுகலானது, ஈரத்தில் வழுக்கும். ஊர்சுற்றிகள் நடக்கும் பாதைதானே என்று நினைக்க வேண்டாம்.

பாறைமுதுகு நாள்: பெரிய மேய்ப்பன்

நான்கில் மிகச் சிறந்த நாளை இதற்கு ஒதுக்குங்கள்: காற்றில்லாத, பாறை காய்ந்த நாள். அப்படியொரு நாள் வரவில்லையென்றால் கர்வ்டு ரிட்ஜ் அடுத்த ஆண்டுக்கு.

ரானக் மூரைத் தாண்டி வரும் சாலையிலிருந்து பார்த்தால், 1,021 மீட்டர் உயர ஸ்டாப் ஜெரக் ஒரு முக்கோணமாக எழுந்து நிற்கும். அந்த முகத்துக்குள் எந்த வழியும் இருக்காது என்றுதான் தோன்றும். ஆல்ட்நஃபேயில் வண்டியை நிறுத்தி, பாலம் கடந்து, லகன்கார்வ் என்ற வெள்ளைக் குடிலைத் தாண்டியதும் பாதை பிரியும். நேரே மேலே போவது கோரி நா துலாக். அது நாம் இறங்கப்போகும் வழி, இப்போதே நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் போவது இடப்பக்கம், மலையின் அடியைச் சுற்றிக் கிழக்கு நோக்கி. தண்ணீர் வழிந்து பளபளக்கும் ஒரு பெரிய சரிவுப் பாறை வரும். அதன் பெயரே 'வாட்டர்ஸ்லைடு'. அங்கிருந்து மேலேறும் தடத்தில் இப்போதே கைகளும் வேலை செய்யத் தொடங்கும். ஹெல்மெட்டையும் ஹார்னஸையும் இந்த இடத்திலேயே அணிந்துகொள்ளுங்கள். மேலே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றால், அதற்குள் முன்னே போகும் குழு தட்டிவிட்ட கல் வந்து சேரும்.

கர்வ்டு ரிட்ஜின் தரம் மாடரேட். நடையாளர்களின் வரிசையில் மூன்றாம் நிலை ஸ்கிராம்பிளிங் (கையும் காலும் ஊன்றிப் பாறையில் ஏறுவது), அதாவது அதன் உச்சிநிலை. பழகியவர்கள் கயிறில்லாமல் ஏறுவார்கள்; அதைப் பார்த்து உங்கள் கயிற்றைச் சுருட்டிவிடாதீர்கள். நாற்பது மீட்டர் கயிறு ஒன்று, ஐந்தாறு ஸ்லிங்குகள் (நாடா வளையங்கள்), கொஞ்சம் நட்டுகள் போதும். பிடிகள் பெரியவை, பாறை கரகரப்பான ரயோலைட், உட்கார்ந்து மூச்சு வாங்க மேடைகள் உண்டு. பாறைமுனைகளில் ஸ்லிங்கை மாலைபோலப் போட்டுக்கொண்டே போகலாம். ஒவ்வொரு பிடியையும் பாரம் ஏற்றும் முன் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற ஓசை வந்தால் அதைத் தொடாதீர்கள்.

பாதி வழிக்கு மேல் வலப்பக்கம் ரானக் வால் என்ற செங்குத்துச் சுவர் எழும். 1936-இல் முதலில் ஏறப்பட்ட 'அகாக்ஸ் க்ரூவ்' அதில்தான் இருக்கிறது. அங்கே ஏறுபவர்களின் குரல் பக்கத்து வீட்டுத் திண்ணைப் பேச்சுபோலக் கேட்கும். நம் வழியின் கடினமான செங்குத்துப் படிகளும் இந்தச் சுவரை ஒட்டியே வருகின்றன. பத்துப் பதினைந்து மீட்டர்தான், ஆனால் முதுகுக்குப் பின்னால் சதுப்புவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். இங்கே கட்டாயம் கயிறு. முன்னவர் ஏறும்போது அவருக்கு நேர் கீழே யாரும் நிற்க வேண்டாம்.

முதுகு ஒரு கற்குவியலில் முடியும். உச்சி இன்னும் வரவில்லை, கயிற்றை அவசரமாகக் கழற்ற வேண்டாம். தலைக்குமேல் கிரௌபெரி டவர் என்ற பாறைக்கோபுரம்; அதை இடப்பக்கமாகச் சுற்றி, பின்னால் உள்ள இடுக்கை அடைந்து, கடைசிச் சில பாறைகளை ஏறினால் திடீரென்று உச்சியின் கற்குவியல். கயிறு கட்டிய குழுவுக்கு முதுகில் மட்டும் மூன்று மணி நேரம் ஆகலாம்.

பலர் கவனம் தளர்வது இதற்குப் பிறகுதான். உச்சியிலிருந்து அகலமான கல்முகட்டில் மேற்கு நோக்கி நடந்து, கணவாயை அடைந்து, அங்கிருந்து வடக்கே கோரி நா துலாக்கில் இறங்க வேண்டும். மேகம் சூழ்ந்திருந்தால் திசைகாட்டியை உச்சியிலேயே எடுத்துவிடுங்கள். கோரியின் மேற்பகுதி செங்குத்து, கால் வைத்தால் கற்கள் உருளும். ஒருவர் பின் ஒருவராக நெருங்கி இறங்குங்கள். வசந்தத்தின் கடைசி வரை அங்கே பனித்திட்டு தங்கியிருப்பதுண்டு, மே மாதம் போகிறவர்கள் அதை விசாரித்துவிட்டே ஏறுங்கள்.

மழை நாள்

நான்கில் ஒன்று மழைக்குப் போகும். கிளென்கோ கிராமத்தைச் சுற்றி நடக்கலாம்; 1692 பிப்ரவரியில் மெக்டொனால்டு குலத்தார், தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகளாகத் தங்கியிருந்த படைவீரர்களால் கொல்லப்பட்ட இடம் இது. மெக்டொனால்டுகள் தங்கள் கால்நடைகளை மறைத்து வைத்ததாகச் சொல்லப்படும் 'லாஸ்ட் வேலி'க்குத் தூறலில் போய்வரலாம். கனமழையில் வேண்டாம்: வழியில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும், காலையில் முழங்காலளவு இருந்தது மாலையில் ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

தவறு நேர்ந்தால்

அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸைக் கேளுங்கள், பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் வரைபடக் கட்ட எண்ணைத் தயாராக வைத்திருங்கள். அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில நேரம் போகும். ஆனால் அதற்கு ஊரிலேயே 'ரிஜிஸ்டர்' என்ற சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். விசிலானால் ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட அமைதி, மீண்டும் ஆறு. வருகிறவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். உங்களிடமும் கட்டணம் கேட்க மாட்டார்கள். கிளென்கோ குழுவை 1961-இல் தொடங்கியவர் ஹாமிஷ் மக்கின்னஸ். மலைச்சரிவில் அடிபட்டவரைத் தூக்கிவர அவர் வடிவமைத்த மடக்குத் தூக்குப்படுக்கை பல நாடுகளில் புழங்குகிறது.

கூடாரம், பூச்சி, உண்ணி

2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடக்கவும் கூடாரம் அடிக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. பொறுப்பு என்பதில் மலம் கழிக்கக் குழி தோண்டுவதும் அடக்கம்: தண்ணீரிலிருந்து குறைந்தது முப்பது மீட்டர் தள்ளி. லோமண்ட் ஏரிக்கரைகளின் பல பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். வழியில் அங்கே தங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்.

மிட்ஜ், கொசுவைவிட மிகச் சிறியது. ஒன்று வந்தால் ஆயிரம் வரும். மெல்லிய காற்று அடித்தாலே அதனால் பறக்க முடியாது. அதனால் கூடாரத்தை ஓடைக்கரை மரநிழலில் போடாமல் காற்றுபடும் மேட்டில் போடுங்கள். தலைக்கு வலை விலை மலிவு. அதை வாங்காமல் வந்தவர் முதல் மாலையே பக்கத்துக் கூடாரத்தில் கடன் கேட்பார்.

உண்ணி ஓசையில்லாமல் வரும். பிராக்கன் என்னும் பெரணிப் புதர்களிலும் உயரமான புல்லிலும் காத்திருந்து காலில் ஏறும். சிலவற்றில் லைம் நோய்க் கிருமி இருக்கும். நீள்கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாலையும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து முழுதாக எடுத்துவிடுங்கள். கடிபட்ட தேதியை எழுதி வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, மருத்துவரிடம் அந்தத் தேதியோடு போங்கள்.